குடும்பச் சமாதானத்துக்காக

1978 ஆகஸ்ட் 13, ஞாயிறு. சித்தூர்.

இன்று ஆராதனை முடிந்ததும், மனைவியை அடிப்பதைப் பற்றிச் சபையில் பேசினேன். என் குறிப்புகள் மூன்று:

1. அடிப்பது பாவம்.
2. அடிபடும் பெண்கள் வாய் திறப்பதில்லை; அதனால் சபைக்குத் தெரிவதில்லை.
3. தெரிந்தால் சபை சும்மா இராது.

நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள். கூட்டம் கலைந்த பிறகு சுகந்தி வந்தாள். பள்ளியில் என்னிடம் படித்தவள்.

"வாய் தொறக்கலயா சார்? வாராவாரம் ஜெபச் சீட்டு எழுதிக் குடுத்துக்கினுதான இருக்கேன்? சத்தமா படிச்சது நீங்கதான? ஒருதரம் எழுத்துப்பிழைகூட திருத்தினீங்களே!" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உண்மை. சபை ஜெபிக்கக் கேட்டு அவள் எழுதித் தரும் சீட்டில் எப்போதும் 'குடும்பச் சமாதானத்துக்காக' என்றிருக்கும். நான் வாசிப்பேன், சபை ஆமென் சொல்லும். அவள் புருஷனும் சொல்வான்.

முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். விரல் பதிந்த தடம். அதற்குள் வெளியே அவன் சைக்கிள் மணியை அடித்தான். "வரேன் சார்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். கேரியரில் ஏறிப் போய்விட்டாள்.

என்னிடம் பேசியதை அவன் பார்த்திருப்பானோ? காலையில் நான் போய்க் கதவைத் தட்டினால் அவளுக்குத்தான் கூடுதலாக விழுமோ? தட்டாவிட்டால்?

இரண்டாவது குறிப்பு தவறு. மூன்றாவதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.