பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து

8 ஜூலை 1975, செவ்வாய்
மழை, கடுங்குளிர்; இந்த அந்நிய நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். என் மசாலாக் கடையில் சாமான் வாங்க மூன்றே பேர். 24ஆம் தேதி பிளேனில் ஊருக்கு, வவுனியாப் பயணம்: மாமியார் வீட்டில் பிள்ளைக்கு முதற்சோறு. அங்கே மலேரியா மறுபடியும் பரவுகிறதாம். அது வராமல் தடுக்க டாக்டர் எங்களுக்கு விழுங்கக் குளிசையும், பிள்ளைக்குச் சிரப் மாதிரி ஒரு பாணி மருந்தும் எழுதினார். ஏழு நாளைக்கு, கிழமைக்கு ஒரு தரம், நிறைக்குத் தக்க அளவு. திரும்பி வந்தும் நாலு கிழமை. ஏன் வந்த பிறகும் என்று கேட்டேன். கிருமி ஈரலில் ஒளித்திருந்து பிறகுதான் இரத்தத்துக்கு வருமாம். மல்லிச் சாக்கில் வண்டு முட்டை மாதிரி!
கடைத் தராசில் பிள்ளை ஏழரைக் கிலோ. டாக்டரின் தராசிலும் அதே.

13, ஞாயிறு
வெயில். நான் டான்டினாங் சந்தைக்குப் போய் வந்தேன். மத்தியானம் மருந்து கொடுத்தாயிற்று என்றாள் மனைவி புவனம்.

16, புதன்
போத்தலைப் பார்த்தேன். மட்டம் இறங்கவேயில்லை. புவனத்திடம் கேட்டேன்.
"ஒரு சொட்டு நாக்கில வைச்சனான், முகத்தைச் சுழிச்சுத் துப்பிப்போட்டாள். நான் என்ர குளிசை ரெண்டும் போட்டனான். மல்லி, மிளகு அவிச்ச சரக்குத் தண்ணி நான் குடிக்க அவளின்ர வயிறு சுகமாகுதுதானே? இதுவும் பாலில போகும்."
சிரிக்க முடியவில்லை. எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றியது. டாக்டருக்குப் போன். பாலில் போவது மிகக் கொஞ்சம், காவலுக்குப் போதாது. நாளைக்கே தொடங்கினால் பயணத்துக்கு முன் ஒரு கிழமை கிடைக்கும் என்றார்.
கடையில் சாமானைத் தராசில் நிறுத்த பிறகு ஒரு பிடி கூடப் போடுவது என் பழக்கம். கொஞ்சம் கூடக் கொடுத்தால் நல்லதோ என்று கேட்டேன். அவர் குரல் மாறியது. சின்னப் பிள்ளைக்குக் கூடினால் இதயமே நின்றுவிடுமாம். போத்தலும் குளிசையும் இப்போது பூட்டிய அலுமாரியில்.

17, வியாழன்
பனி. மருந்து கொடுக்கவென்று கடை பூட்டு. அளவை நான் இரண்டு தரம் பார்த்தேன். மசித்த வாழைப்பழத்தில் கலந்து புவனமே கரண்டியால் தீத்தினாள். அழுகை, ஓங்காளம், ஆனாலும் விழுங்கிவிட்டாள். அரை மணிக்குள் விழுங்கியதைச் சத்தி எடுத்தால் போன் பண்ணச் சொல்லியிருந்தார் டாக்டர். மணிக்கூட்டைப் பார்த்தபடி இருவரும். பன்னிரண்டாம் நிமிடம் ஓர் ஏப்பம்; புவனம் எழும்பியே விட்டாள். ஒன்றுமில்லை.
முப்பத்தைந்து நிமிடம். பிள்ளை நித்திரை. புவனம் விரல் மடித்து நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
"அப்ப அடுத்த வியாழன் பிளேனுக்குள்ளையோ குடுக்கிறது?"