பின்கதவின் சின்னக் கண்ணாடி

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மதுமதிக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளை இளங்கோவும் அந்தக் குளிர் ஊரில் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், அம்மாவும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வரி இன்றைக்கு வரமாட்டேன் என்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா என் பக்கத்தை விட்டு நகருவதில்லை, அவளைத் தனியே விட்டுவிட்டு மாடிக்குப் போய்ப் பேசவும் முடியாது, அவள் காதில் விழும்படி இதைச் சொல்ல எனக்கு வாயும் வராது. அதோடு போனில் என்றால் நீ நடுவில் அழுவாய், நான் உடனே ஒன்றுமில்லை கண்ணு என்று பேச்சை மாற்றிவிடுவேன். இன்றைக்கு முத்துப்பேச்சி என்று ஒரு பெண் வந்து அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள், அவள் யார் என்று பின்னால் சொல்கிறேன், அவள் கிளம்புவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. நம் தையல் யூனிட்டில் பதினான்கு மிஷினில் ஒன்பது ஓடுகிறது, டெய்லர்கள் ஊருக்குப் போனால் திரும்பி வருவதற்குள் ஆர்டர் போய்விடுகிறது. குண்டடத்தில் உன் மாமா சுப்பண்ணன் தென்னைக்கு டிராக்டரில் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறார், ஒவ்வொரு மரத்துக்கும் ஊற்றும்போது இந்தச் செலவை எங்க அக்கா வந்து பார்த்தாங்கன்னா திட்டுவாங்க என்று சொல்லிச் சிரிக்கிறாராம். வெயில் இந்த வருஷம் ஆளைச் சுடுகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் வீடியோவில் நம் காரைப் பார்த்துவிட்டுப் பின்கதவில் என்னப்பா கவர் ஒட்டியிருக்கு என்று கேட்டாய். கதவில் பெரிய கண்ணாடிக்குப் பின்னால், ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்கும் ஒரு சின்னக் கண்ணாடி உண்டல்லவா, அது போய்விட்டது, ரோட்டோரம் நிறுத்தியிருந்தபோது லாரி டயரில் இருந்து கல் தெறித்தது என்று சொன்னேன். நிறுத்தி வெச்ச வண்டியைக் கூடக் கல்லு தேடி வருதா உங்களுக்கு என்று நீ கேலி செய்தாய், நானும் சிரித்தேன். அது பொய் கண்ணு. அந்தக் கண்ணாடியை உடைத்தது நான்தான். அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

அம்மாவுக்கு மறதி என்று உன்னிடம் சொன்னது போன தீபாவளிக்கு. வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று அப்போதே மூடியும் விட்டேன். உண்மையில் அது ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. அடுப்பில் வைத்ததை மறப்பது, சொன்னதையே சொல்வது எல்லாம் முதல் வருஷத்தோடு சரி. இப்போது சில நாள் என்னையே யாருங்க நீங்க என்கிறாள். தை மாதம் ஒருநாள் பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் மருந்து வாங்கிக்கொண்டிருக்கும்போது காரிலிருந்து இறங்கி நடந்துவிட்டாள். முக்கால் மணி நேரம் தேடினேன், தாராபுரம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள், எங்கம்மா ஊட்டுக்குப் போறேனுங்க என்று கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறாள். உன் அம்மாயி போய்ச் சேர்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று. அன்றைக்கிலிருந்து அவளைப் பின்சீட்டில்தான் உட்கார வைக்கிறேன், பின்கதவு இரண்டிலும் குழந்தைகளுக்காக ஒரு பூட்டு இருக்கிறதே, உள்ளேயிருந்து இழுத்தால் திறக்காதே, அதைப் போட்டுவிட்டேன். எங்கேயாவது இறங்க வேண்டி வந்தால் வண்டியை ஓட விட்டு, ஏ.சி.யைப் போட்டு, அவளை உள்ளே வைத்துவிட்டுத்தான் போவேன். கட்டின பெண்டாட்டியைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள், நாம் தைத்துக் கொடுத்த லாட்டில் கழுத்துப் பட்டி அளவு தவறிவிட்டது, நேரில் வந்து பாருங்கள் என்று. ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்து வேப்பமரத்து நிழலில் வண்டியை ஓட விட்டுவிட்டு உள்ளே போனேன். ஒரு பீஸைப் பார்த்து, பத்துப் பீஸைப் பார்த்து, மெர்ச்சண்டைசர் பையனோடு வாக்குவாதம் செய்து, வெளியே வரும்போது அரைமணி நேரம் ஆகிவிட்டது. வண்டிச் சத்தம் இல்லை, நிழலும் நகர்ந்து போயிருந்தது. அம்மா என்ன செய்திருக்கிறாள் தெரியுமா, பின்சீட்டிலிருந்து முன்னால் எட்டிச் சாவியைத் திருகி வண்டியை நிறுத்திவிட்டாள். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் பொறுக்க மாட்டாளே, நீ குளிக்கப் போனால்கூட உன் அறை லைட்டை அணைத்துவிட்டுத்தான் வருவாளே, எல்லாம் மறந்தும் அது மட்டும் மறக்கவில்லை. ஓட்ட ஆளில்லாமல் சும்மா ஓடுகிற வண்டியை அணைத்துச் சாவியையும் உருவிக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாவியில் இருக்கும் பொத்தான் அழுந்தி நான்கு கதவும் பூட்டிக்கொண்டது. மாற்றுச் சாவி வீட்டு அலமாரியில் இருக்கிறது.

முகமெல்லாம் சிவந்து, ரவிக்கை நனைந்து, முடி நெற்றியில் ஒட்டி அவள் உட்கார்ந்திருந்த கோலத்தை என்னால் எழுத முடியவில்லை. கண்ணாடியைத் தட்டி, விஜயா பொத்தானை அமுக்கு, சாவியில பொத்தானை அமுக்கு என்று கத்தினேன். அவள் சாவியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். கண்ணாடி வழியாகச் சன்னமாகக் கேட்டது, எங்க ஊட்டுக்காரர் வரட்டுங்க, அவரைக் கேக்காம நான் தொறக்க மாட்டேனுங்க என்கிறாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். வாட்ச்மேன் வடக்கத்திக்காரன் ஓடி வந்தான், பெரிய கண்ணாடியைக் காட்டி இந்தியில் என்னவோ கத்தினான். எனக்கு இந்தி தெரியாது, ஆனால் அவன் எதைச் சொல்கிறான் என்று நன்றாகப் புரிந்தது. கீழே கிடந்த அரைச் செங்கல்லை எடுத்தேன். என் கை பெரிய கண்ணாடிக்குப் போகவில்லை கண்ணு. சின்னதுதானே, செலவு கம்மிதானே என்று அந்த நேரத்திலும் என் மண்டைக்குள் ஓடியது. மூன்று அடியில் அது உப்புக்கல்லாக உதிர்ந்தது. கையை உள்ளே விட்டால் என் புஜம் மாட்டிக்கொண்டது, பூட்டு கதவின் முன்பக்கம் இருக்கிறது, விரல்கூடப் போய்ச் சேரவில்லை. யாரோ திருடன் கை நுழைக்கிறான் என்று அம்மா என் கையைச் சாவியாலேயே குத்தினாள்.

அப்போதுதான் டீ குடிக்க வெளியே வந்த, பீஸ் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் ஓடி வந்தார்கள், அவர்களில் ஒருத்திதான் இந்த முத்துப்பேச்சி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அண்ணாச்சி தள்ளுங்க, என் கை ஒல்லிக் கை என்று என்னை இடித்துத் தள்ளினாள். கட்டிங் வேஸ்ட் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தோள் வரைக்கும் உள்ளே விட்டாள். அம்மா அவளையும் அடிக்கத்தான் ஓங்கினாள். மதினி, ஒங்க வீட்டுக்காரருதான் என்னைய அனுப்புனாரு, பயப்படாதிய என்றாள் முத்துப்பேச்சி. அம்மா ஓங்கின கையை இறக்கிவிட்டாள். முத்துப்பேச்சி பூட்டை இழுத்தாள், நான் வெளியிலிருந்து கதவைத் திறந்தேன். பெரிய கண்ணாடியை உடைத்திருந்தால் நொடியில் முடிந்திருக்கும் வேலைக்குப் பத்து நிமிஷம் போயிருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை எந்தக் கோயிலில் போய் இறக்கி வைப்பேன் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள், சாயந்திரத்துக்குள் தெளிந்துவிட்டாள், இப்போது உடம்புக்கு ஒன்றுமில்லை, அதற்காக நீ பதற வேண்டாம். எத்தனை நாளாக மறதி என்று டாக்டர் கேட்டார், அவரிடமும் ஆறு மாசம் என்றுதான் சொன்னேன். மறுநாள் கண்ணாடி மாட்டப் பல்லடம் ரோட்டில் ஆரோக்கியராஜ் கடைக்குப் போனோம், அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான். அவர் பார்த்ததும் சிரித்தார், சின்னதுதானேன்னு இதை ஒடச்சுப் போட்டீங்களாக்கும், எல்லாரும் இதையேதானுங்க பண்றாங்க, பெரிசு என்கிட்டயே கெடக்குது, இது கோயமுத்தூர்ல இருந்து வரோணும், விலையும் அதை விட ஜாஸ்திங்க என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கண்ணாடி வர நாலு நாள் ஆயிற்று, அதுவரைக்கும் பனியன் பேக்கிங் கவரை ஒட்டி ஓட்டினேன், நீ பார்த்தது அதைத்தான். மாட்டுகிற அன்றைக்கு உள்பலகையைக் கழற்றி, பெரிய கண்ணாடியை முழுக்க இறக்கி, நடுவில் நிற்கிற கம்பியை எடுத்து, புது ரப்பரோடு அந்தச் சின்னதை உட்கார வைக்க மத்தியானம் வரைக்கும் ஆனது. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கதவுக்குள்ளிருந்து கொட்டின கண்ணாடித் தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், யாரோ ஒடச்சுப் போட்டாங்க, வண்டிக்காரருக்கு எவ்வளவு கஷ்டமோ என்றாள் என்னிடம். ஆமாங்க என்றேன். நாளெல்லாம் நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரனாகத்தான் இருந்தேன்.

குழந்தை இல்லாத வண்டிக்கு எதுக்குங்க சைல்டு லாக், எடுத்து உட்டறட்டுங்களா என்று ஆரோக்கியராஜ் கேட்டார். வேண்டாம் இருக்கட்டும் என்றேன். எடுத்தால் ரோட்டில் இறங்கிவிடுவாள், எடுக்காவிட்டால் அன்றைக்கு நடந்ததுதான். இன்றைக்கு வரை அந்தப் பூட்டு அப்படியேதான் இருக்கிறது, நான் அவளை வண்டியில் விட்டுவிட்டு எங்கேயும் இறங்குவதில்லை, யூனிட்டுக்கும் பாதி நாள் போவதில்லை. நீ போன வருஷமே ஒரு ஆளை வைக்கலாம் அல்லது நான் வந்து கூட இருக்கிறேன் என்றாய். என் ஊட்டுக்காரியை நான் பார்த்துக்கறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். பயந்தேன் கண்ணு. நீ வந்து பார்த்தால் அவளை என்னிடமிருந்து பிரித்து எங்கேயாவது சேர்த்துவிடுவாயோ என்று பயந்தேன். இப்போது சொல்கிறேன், என்னால் தனியாக முடியவில்லை. எனக்கு அறுபத்தாறு வயசாகிறது, அவசரத்தில் என் புத்தி எங்கே போகும் என்று பார்த்துவிட்டேன். நீ வா. வந்து பார்த்துவிட்டு நீயே முடிவு சொல், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். அவளோடு என்னையும் ஒரே இடத்தில் இருக்க விடு, அது ஒன்றுதான் கேட்கிறேன். முத்துப்பேச்சியிடம் பகலில் வந்து இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் அண்ணாச்சி என்றிருக்கிறாள், அவளுக்கும் கம்பெனியில் பி.எப். இருக்கிறது, கட்டாயப்படுத்த முடியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைத்தான் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா உன்னிடம் மதுமதி சாப்பிட்டியா கண்ணு, அங்க பனி பெய்யுதா, மாப்பிள்ளை நல்லாருக்காரா என்று கேட்கிறாளே, வாரம் தவறாமல் அதே மூன்று கேள்வியா அம்மா என்று நீயும் சந்தோஷமாகச் சலித்துக்கொள்வாயே. பனியன் மடிக்க உள்ளே வைக்கிற வெள்ளை அட்டையில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, போனுக்குப் பின்னால் நின்று நான்தான் காட்டுகிறேன். அவள் அதைப் பார்த்துப் படிக்கிறாள். படிப்பு இன்னும் மறக்கவில்லை. நீ அழக் கூடாது என்று ஆரம்பித்தது, பிறகு நிறுத்தத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் உடனே போன் செய்யாதே, மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல், இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் இரண்டு உல்லன் பனியன் வைத்திருக்கிறேன், உள்ளே போட்டுக்கொள், காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் அட்டையைப் பிடிக்க மாட்டேன். போனை எடுத்ததும் உன் பெயரை நீயே முதலில் சொல்லிவிட்டுப் பேசு. நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம் என்று மட்டும் அவளைக் கேட்டுவிடாதே கண்ணு.

இப்படிக்கு
உன் அப்பா
மாரப்பன்