கதவுக்கு வெளியே ரொட்டி

பிப்ரவரி 10, ஞாயிறு

பள்ளித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பட்டறையில் என் கணவர் சல்வதோரும் ஆட்களும் பழுக்கக் காய்ச்சிய செம்புக் கட்டியைச் சுற்றி நின்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு வேலை ஓடும். திடீரென்று நின்றது. நிமிர்ந்தால் வாசலில் நாத்தனார் தொமாசா.

"பொண்ணு எங்கேன்னு தேட மாட்டியா?"

"தோழி வீட்ல தங்கியிருக்கா அக்கா."

"அந்தத் தோழிக்கு மீசை இருக்கு. சான் பெலாயோ குயவர் வீட்டுப் பையன், எவாரிஸ்தோ. நேத்து சந்தையிலேர்ந்தே தூக்கிட்டுப் போயிட்டான்."

தூக்கிக்கொண்டு போவது என்பது பேச்சுக்குத்தான். என் மகள் ரோசியோவின் நல்ல செருப்பைக் காணோம். சீப்பு, குளிருக்கான சால்வை, முகக் கிரீம், எதையும் விடவில்லை. திருட்டுப்போனவள் இவ்வளவு ஒழுங்காகவா மூட்டை கட்டுவாள்?

நானும் இப்படி வந்தவள்தான். அதனால் அழக்கூட முடியவில்லை.

பிப்ரவரி 12

மொரேலியாவில் கல்லூரியை விட்டுவிட்டாளாம். அப்பாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, சனி

நாளை பையன் வீட்டார் மன்னிப்புக் கேட்க வருகிறார்கள். தொமாசா இன்றே வந்து எனக்குப் பாடம் எடுத்தாள். "முதல் தடவையே திறந்துடாத. பொண்ணு மலிவுன்னு ஆயிடும்." எனக்குத் தெரியாதா? என் அப்பா இரண்டு முறை திறக்கவில்லை. மழையில் நின்ற சல்வதோரையும் அவர் அம்மாவையும் உள்ளேயிருந்து திட்டித் தீர்த்தார். மூன்றாம் முறை திறந்து, கட்டிப்பிடித்து, அவர்கள் கொண்டுவந்த ரொட்டியை முதலில் அவரே பிய்த்துத் தின்றார். இன்றும் ஊரில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். என் மகளுக்கும் அப்படி ஒன்று இருக்க வேண்டாமா?

பிப்ரவரி 17, ஞாயிறு

வந்தார்கள். இரண்டு எக்காளம், ஒரு முரசு. தலையில் கூடை கூடையாக ரொட்டி. கால் கட்டிய வான்கோழிகள். தெருவே கூடிவிட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன் – கூட்டத்தின் கடைசியில் ரோசியோ, தலைகுனிந்து.

பையனின் அம்மா காந்தெலாரியா கதவைத் தட்டினாள். "டீச்சர், எங்க பையன் பண்ணது தப்பு. மன்னிப்புக் கேட்டு வந்திருக்கோம்."

"இந்த வீட்டுல உங்களுக்குப் பொண்ணு இல்ல." இப்படித்தான் சொல்ல வேண்டும். என் அப்பா சொன்னதும் இதே வார்த்தைகள்தான்.

சல்வதோர் என் காதருகே வந்தார். "போதும் அமாலியா. சொல்லியாச்சு."

திட்டுவது வழக்கம்தானே. எவ்வளவு திட்டுகிறோமோ அவ்வளவு பெண்ணுக்கு மதிப்பு. நானும் ஆரம்பித்தேன் – திருட்டுப் பயலே, வெட்கங்கெட்டவனே. தெருவில் சிரித்தார்கள், எக்காளக்காரன் ஒரு சின்ன ஒலி கொடுத்தான். அத்தோடு விட்டிருக்கலாம். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை: "நான் பொண்ணைப் படிக்க வெச்சது உங்க வீட்ல வந்து களிமண்ணு மிதிக்கவா? மண்ணோட மண்ணாக் கிடக்கிற சனங்களுக்கா நான் பெத்துப்போட்டேன்?"

வெளியே சிரிப்பு நின்றது. கூடைகளைத் தூக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லாக் கேட்டே," என்றாள் தொமாசா.

சல்வதோர் பட்டறைக்குப் போய்விட்டார். அடுப்பு மூட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 24, ஞாயிறு

இரண்டாம் முறைக்கு இன்று வர வேண்டும். சோளம் வேகவைத்து, பன்றிக்கறிக் குழம்பு வைத்தேன். அவர்களுக்குத் தெரியக்கூடாதென்று பின்கட்டில் வைத்தேன். எங்கள் வழக்கம் ரோசியோவுக்குத் தெரியும், சொல்லி அழைத்து வருவாள் என்று –

வரவில்லை. குழம்பைத் தொமாசா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 3, ஞாயிறு

தவக்காலம் தொடங்கும் முன்னே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். நேற்று, சான் பெலாயோ கோயிலில். என் இடத்தில் காந்தெலாரியாவின் தங்கை நின்றாளாம். சந்தைக்குப் போன சல்வதோர் கேள்விப்பட்டு வந்து சொன்னார்.

"வழக்கம்தானே, திட்டத்தானே செய்வாங்க? அவளுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும். எது வழக்கத்தோட பேச்சு, எது அவ அம்மா பேச்சுன்னும் தெரியும்."



மார்ச் 6, சாம்பல் புதன்

மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லி நெற்றியில் சாம்பல் பூசினார் பாதிரியார். வீடு வரும்வரை துடைக்கவில்லை. வந்தும் துடைக்கவில்லை.

ஏப்ரல் 11

வகுப்பில் ஒரு பெண் ரோசியோ மாதிரியே பேனா மூடியைக் கடிக்கிறாள். அதட்டிவிட்டேன். பாவம்.

ஏப்ரல் 27, சனி

ரொட்டிக்குச் சொல்லிவிட்டேன். தொமாசாவுக்கு எட்டிவிட்டது. "பொண்ணு வீட்டுக்காரி மன்னிப்புக் கேட்டுப் போறதா? உலகத்துல உண்டா? கோழி கூவ ஆரம்பிச்சா சேவல் முட்டை போடணும்."

"போடட்டும் அக்கா. பார்த்துக்கலாம்."

சல்வதோர் தானும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னது அவரில்லையே.

ஏப்ரல் 28, ஞாயிறு

சான் பெலாயோவில் எல்லா வாசலிலும் பச்சை மெருகிட்ட பானைகள் காய்கின்றன. அவற்றுக்கு நடுவே கூடையோடு நடந்தேன். அந்த ஊர்ப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, "செம்பு ஊர் டீச்சருதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கும் அந்த வார்த்தை தெரிந்திருக்கும்.

காந்தெலாரியாவின் கதவு திறந்தே இருந்தது. அவளே வந்தாள், கை முழங்கை வரை மண்.

"சம்பந்தி, நான் பேசினது தப்பு," என்றேன். வழியெல்லாம் தயாரித்து வந்த மற்ற வாக்கியங்கள் வரவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். "கைய கழுவிட்டு வரேன். ரொட்டில மண்ணு ஒட்டும்," என்றாள். குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா? கேட்க எனக்கு உரிமையில்லை.

முற்றத்துக்கு அப்பால் வேலைக்கொட்டகை. உள்ளே ஈர மண்ணில் யாரோ மிதிக்கும் சத்தம். நான் இரண்டடி வைத்ததும் சத்தம் நின்றது. கொட்டகைக் கதவு சாத்திக்கொண்டது.

"ரோசியோ, அம்மா வந்திருக்கேன்டீ."

உள்ளேயிருந்து அவள் குரல், என் அப்பாவுடைய குரல் மாதிரியே கட்டையாக:

"இந்த வீட்டுல உங்களுக்குப் பொண்ணு இல்ல."

நின்றேன். இன்னும் ஏதாவது சொல்வாள், என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நின்றேன். அவள் அந்த வார்த்தைகளுக்கு மேல் ஒன்றையும் சேர்க்கவில்லை.

மறுபடி மிதிக்கும் சத்தம் கேட்டது.

கை கழுவி வந்து வாங்கிய கூடையைக் காந்தெலாரியா திருப்பிக் கொடுத்தாள். வழக்கப்படி ரொட்டி தொடப்படாமல் இருந்தது. அவளுக்கு எங்கள் ஊர் வழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

மே 4, சனி

ரொட்டிக் கடையில் கேட்டார்கள், போன வாரம் வாங்கினது போலவேதானா டீச்சர் என்று. அதுபோலவேதான் என்றேன். அடுத்த வாரத்துக்கும் சொல்லிவைத்தேன்.

சல்வதோர் நாளைக்குப் பட்டறையைப் பூட்டுகிறாராம். எக்காளக்காரர்களைக் கூப்பிடலாமா என்று கேட்டார். மூன்றாம் முறைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

இப்போது வெளியே லேசாகத் தூறுகிறது. நாளை மழை வந்தால், குடை எடுக்கப்போவதில்லை.