பூங்காவில் வந்த ராகு காலம்

அன்பு மகன் செல்வாவுக்கு அப்பா எழுதுவது,

பாசிர் கூடாங்கில் நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அதற்கு யார் காரணம் என்பது கீழே வரும். டப்ளின் குளிரில் நீயும் அந்தப் பெண் சுபத்திராவும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து ரிலேக்ஸ்லாப்பா என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி.

சம்பந்தி ஆகப் போகிறவர்களைப் பூங்காவில் போய்ப் பார்க்கச் சொன்ன பிள்ளை இந்த ஜோகூரிலேயே, ஏன் மலேசியாவிலேயே, நீ ஒருவன்தான். நாம அவங்க வீட்டுக்குப் போனா நாம எறங்கிப் போன மாதிரி, அவங்க வந்தா அவங்க எறங்கி வந்த மாதிரி, பொது இடம்தான் நல்லது என்று பெரிய வக்கீல் போலப் பேசினாய். ஞாயிறு மாலை ஐந்து மணி, சுல்தான் காலத்துப் பெரிய பூங்கா, மணிக்கூண்டுப் பக்கம் என்றாய். அவர்கள் நம்பரைக் கேட்டதற்கும் நான் பாத்துக்கிறேன்பா என்றாய். நீ பார்த்த லட்சணத்தைக் கேள்.

ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். பழனிக்குப் போனபோது அம்மா வாங்கி வந்த காலண்டரில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கல்யாணப் பேச்சை அதிலா தொடங்குவது? சொன்னால் சிரிப்பாய் என்று உன்னிடம் மூச்சு விடவில்லை. ஐந்துக்கு முன்பே போய், கார் நிறுத்தும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கேட்டா ரோட்டுல ஜாம்னு சொல்லிக்கலாம் என்றாள் அம்மா. ஆறு அடித்ததும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனால், மணிக்கூண்டுப் பக்கம் வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறவர்கள் இருந்தார்கள், நம்மவர் ஒருவரும் இல்லை. அலமாக், அது பூங்காவா காடா? மேடு, பள்ளம், குளம், ஏறினால் இன்னொரு மேடு. ஒவ்வொரு வாசலாக அம்மாவை நடத்திக் கூட்டிப் போனேன். உனக்குப் பத்து முறை போன் அடித்தேன், துரைக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. சுபத்திராவின் அப்பா விசுவலிங்கம் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். நான் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன், உன் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து ஆளுங்கதானே, காத்துக் கெடக்கட்டும் என்று நினைத்துவிட்டார்களோ என்று பட்டது. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

வாசலைப் பூட்டும் நேரத்தில் மலாய்க் காவலாளி ஒருவர் என் மீசையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். பெரிய மீசைக்காரர் வருவார், கொடுங்கள் என்று ஒரு அய்யா தந்துவிட்டுப் போனாராம், ஒரு டப்பா. உள்ளே பயத்தம் பணியாரம், அது அவர்கள் யாழ்ப்பாணத்துப் பலகாரம். கூடவே முத்து முத்தான எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. நாலே முக்காலிலிருந்து காத்திருந்தார்களாம். ஐந்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குப் பிறகு நல்ல பேச்சைத் தொடங்க மனம் வரவில்லை, பிழையாக எண்ண வேண்டாம், சுபத்திராவுக்குச் சொல்ல வேண்டாம், சிரிப்பாள் என்று எழுதி, கீழே நம்பரும் போட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கோயிலில் கொடுத்த உள்ளூர்க் காலண்டரைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அம்மாவின் பழனிக் காலண்டர் தமிழ்நாட்டு நேரத்துக்குப் போட்டது; இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு, ராகு காலமும் தள்ளித்தானே வரும். நல்ல நேரத்துக்கு என்று கார் கதவைப் பூட்டிக்கொண்டு காத்திருந்து, ராகு காலத்துக்குள் வலது காலை வைத்துப் போயிருக்கிறேன். உன் அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

டப்பாவை வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அது நம் வழக்கம். அம்மா அதிரசத்துக்கு மாவு இடித்துவிட்டாள். சனிக்கிழமை ஸ்கூடாயில் அவர்கள் வீட்டுக்கே போகிறோம். யார் இறங்கிப் போகிறார்கள் என்ற பேச்சையெல்லாம் நீயே வைத்துக்கொள். நேரத்தை அவரையே குறிக்கச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் போனை எடு. ராகு காலத்தைப் பற்றி சுபத்திராவிடம் மட்டும் வாய் திறக்காதே, அது அவளுடைய அப்பா என்னை நம்பிச் சொன்ன முதல் விஷயம்.

இன்னும் கோபம் தீராத உன் அப்பா,
வீரமுத்து