அனானும் பிடைம்ஸும்

இன்று காலை ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் என்னை மறித்துக்கொண்டு நின்றது. 'சற்று நேரத்தில், பழைய வழக்கு, நான்கு எழுத்து.' பேனாவை எடுக்கும் முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அனான்! உங்களைத் தவிர வேறு எந்த மனுஷர் அந்தச் சொல்லைச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்?

நமக்குக் கல்யாணமான புதிது. எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவில் வீட்டில் மாமா, அத்தை முன்னால் நாம் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது. உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட அத்தையிடம் கேட்பீர்கள். அத்தை என்னிடம் சொல்வார். சாதாரண இங்கிலீஷில் பேசலாமென்றால் காலேஜில் படிக்கும் உங்கள் தம்பிக்குப் புரிந்துவிடும். அதனால் பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டை கிழிந்த அகராதி ஒன்றை வாங்கி வந்து, இங்கிலீஷ்காரனே மறந்துபோன சொற்களாகப் பார்த்துப் பொறுக்கினீர்கள். 'டாரி' என்றால் போகாதே, கொஞ்சம் இரு. 'பெர்ச்சான்ஸ்' என்றால் ஒருவேளை. நம் வீட்டில் அதற்கு இன்றைக்கு சினிமா உண்டு என்று பொருள். 'பிடைம்ஸ்' என்றால் காலம் தவறும் முன்பே. கடைசிச் சொல்லை நான்தான் அதிகம் சொன்னேன். உங்களுக்குப் பிடித்தது அனான்.

அப்போதுதான் சிவகிரியில் எனக்கு ஆசிரியை வேலைக்கு ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும்.

"மருமக பஸ் ஏறிப் போயி சம்பாரிச்சுத்தான் நம்ம வீட்ல உலை வைக்கணுமாக்கும்?" என்றார் மாமா.

அவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். தினமும் பரிமாறும்போது "பிடைம்ஸ்" என்று முணுமுணுப்பேன். "அனான்" என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அதே அனான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் ரசக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு நின்றேன்.

அடுப்படி வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏலே, நீ என்ன சொன்னன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்க? சின்ன வயசுல கடைக்குப் போகச் சொன்னா, 'இந்தா போறேம்மா'ன்னு சொல்லிட்டு இருந்த இடத்துலயே இருப்பியே, அதே மூஞ்சிதான் இது. அந்தப் புள்ள தவிச்சுக்கிட்டு நிக்கா. ஒங்க அப்பாகிட்ட தமிழ்ல சொல்லுலே!"

உங்கள் தம்பிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. உங்கள் காதெல்லாம் சிவந்துபோயிற்று. தலையைக் குனிந்துகொண்டேதான் ஆரம்பித்தீர்கள்.

"அப்பா, அவ வேலைக்குப் போகட்டும். காலையில நானே பஸ் ஏத்தி விடுதேன்."

"நான் வேண்டாம்னா?"

நிமிர்ந்தீர்கள். "வேண்டாம்னாலும் போவாப்பா."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு அத்தையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "மோர் ஊத்தும்மா" என்றார். அந்த வீட்டில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. மறுநாள் நான் வேலையில் சேர்ந்தேன். தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். அத்தனை வருஷமும் அந்தச் சொற்களை நாம் விடவில்லை. ரகசியம் போய் விளையாட்டாகிவிட்டது.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள், நம் பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போவதா, மதுரைக்கா? பெரியவனிடம் ஆறு மாதம், சின்னவனிடம் ஆறு மாதமா? நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒருவனும் என்னைக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானும் காத்திருக்கவில்லை.

"நான் எங்கயும் வரலப்பா. இங்கனதான் இருப்பேன். பென்ஷன் வருது, கை கால் நல்லாருக்கு. பாக்கணும்னு தோணுனா நீங்க வாங்க."

அன்றைக்கு மாமாவிடம் நீங்கள் பேசியதைக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பேச்சு வந்தது. சொல்லி முடித்த கையோடு, சரியாகச் சொன்னேனா என்று கேட்க உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன்.