கெட்டிலில் வெந்த சோறு

போன வாரம் ஒரகடத்தில் ஓர் அறைக் கதவைத் திறந்ததும் அடிப்பிடித்த சோற்றின் வாசனை வந்தது. மாதக்கணக்கில் தங்கும் கம்பெனிக்காரர்களுக்கான விடுதி அது. ஒவ்வோர் அறையிலும் ஒரு சின்னச் சமையல் மேடை, துணி காயவைக்க ஜன்னலோரம் ஒரு கொடி. அங்கே அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு நான்தான் மேற்பார்வை. கொரியாக்காரர் ஒருவர் சோற்றைப் பாதியில் மறந்துவிட்டு ஷிஃப்டுக்கு ஓடியிருந்தார். பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நீ போய் அன்றைக்கு இருபத்தோராம் நாள்.

உனக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். ஊர்ப்பக்கத்துக்காரி, கூட வேலை செய்தவள் என்று என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். அவர்களுக்காக எழுத எனக்கு வரவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். நீ பென்னலூர், நான் மண்ணூர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் என்று சொன்னாலே ஓட்டலில் எல்லாரும் ஒரு நொடி நம்மை உற்றுப் பார்த்த வருஷம் அது. சென்னையின் அந்தப் பெரிய ஓட்டலில் நீ வரவேற்பு மேசையில் நின்றாய்; கான்வென்ட் படிப்பு, இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. நான் நாலாவது மாடியில் படுக்கை விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் முதலில் ஏறுகிறவள் மற்றவளுக்கு இடம் போட்டு வைப்பாள். பூந்தமல்லி தாண்டும்வரை பேச்சு ஓயாது.

நாலாவது மாடியில் ஒரு ஜப்பான்காரர் இரண்டு மாதமாகத் தங்கியிருந்தார். நம் ஊர்ப் பக்கம் தொழிற்சாலைக்கு இடம் பார்க்க வந்தவர். தினமும் ஷூவில் மண் ஒட்டத் திரும்புவார். ஒருநாள் அவர் அறையில், காபிக்காகக் கொடுத்திருந்த கெட்டிலுக்குள் சோறு கருகிக் கிடந்தது. நான் பார்த்துவிட்டதும் மனுஷன் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அறையில் சமைப்பது கூடாது. கண்டால் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது எங்களுக்கு விதி. நான் சொல்லவில்லை. கெட்டிலை எடுத்துக்கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தேன். உள்ளே சூடு ஆறாமல் இருந்த கம்பியில் பட்டு இரண்டு விரல் வெந்துவிட்டது. மறுநாளும் அவர் சமைத்தார். மறுநாளும் தேய்த்தேன்.

உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

"இன்னாடி சொல்ற, கெட்டில்லயா?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"சிரிக்காத. பாவம்டி அந்த ஆளு. ரெண்டு நாளு தங்கறவனுக்கு ஓட்டலு போதும். ரெண்டு மாசம் தங்கறவனுக்கு வூடுதான் வேணும்."

உன் சிரிப்பு நின்றது. "இன்னொரு வாட்டி சொல்லு" என்றாய்.

அன்றிலிருந்து பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் வரப்போவதாகத் தினமும் பேப்பரில் வந்துகொண்டிருந்தது. அப்படி வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள் என்று நீ கேட்பாய். நம் ரோட்டு மேலேயே தங்கட்டும் என்பேன் நான். அறைக்குள்ளேயே அடுப்பு. சொந்தத் துணியைத் தானே காயவைக்க ஒரு கொடி. காலையில் வந்து பெருக்கிவிட்டு, காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகிற மாதிரி சுற்று ஊர்ப் பெண்களுக்கு வேலை. சலவைச் சீட்டின் பின்பக்கம் அந்த அறையை வரைந்து கொடுத்தேன். உனக்குக் கோடு நேராக வராது, நான்தான் வரைந்தேன்.

அந்த நேரத்தில்தான் நாடு முழுக்க இருந்து ஓட்டல் முதலாளிகள் நம் ஓட்டலில் கூடுவதாக அறிவிப்பு வந்தது. இந்தத் தொழில் இனி எப்படிப் போகும் என்று பேசப் போகிறார்கள். ஊழியர்களும் யோசனை எழுதித் தரலாம், நல்லதாக இருந்தால் மேடையில் பேசலாம் என்றார்கள்.

"நான் இங்கிலீஷ்ல எழுதறேன். ரெண்டு பேரு பேரும் போட்டுடலாம்" என்றாய். எனக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் படவில்லை.

கூட்டத்தன்று ஆள் போதவில்லை என்று என்னையும் டீ கொடுக்க அனுப்பினார்கள். தட்டோடு சுவரோரம் நின்றேன். மயில்கழுத்து நிறப் பட்டில் நீ மேடையேறினாய். பின்னால் திரையில் என் அறை தெரிந்தது. யாரோ அழகாக மறுபடி வரைந்திருந்தார்கள். அதன் கீழே ஒரே ஒரு பேர் இருந்தது. அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் படிக்கத் தெரியும். அடுத்த படத்தில் என் பேர் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்து ஏதோ கேட்டார். நீ பதில் சொன்னாய். அவர் மறுபடி கேட்டார். நீ கொஞ்சம் தயங்கினாய். அப்புறம் உன் வாயிலிருந்து "சரோஜா" என்று வந்தது. அத்தனை இங்கிலீஷுக்கு நடுவே எனக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். உன் கண் போன பக்கம் கூட்டமே திரும்பி என்னைப் பார்த்தது. நான் சிரித்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருக்கும் வணக்கம் வேறு போட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டுத் தமிழில் சொன்னபோதுதான் தெரிந்தது. விருந்தாளிகள் சமைக்க விரும்புகிறார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அந்த முன்வரிசைக்காரர் கேட்டிருக்கிறார். நம் ஓட்டலிலேயே ஒருவர் சமைக்கிறார் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதை ஏன் யாரும் தெரிவிக்கவில்லை, அந்த மாடி யாருடையது என்று கேட்டிருக்கிறார். சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது நீ மேசையில்தான் நின்றிருந்தாய். யாருக்கோ சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு உன்னைப் பஸ்ஸில் பார்க்கவில்லை. ஓட்டல் குடியிருப்புக்கே மாறிவிட்டாய் என்று உங்கள் அம்மா சொன்னார்கள். நான் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்த்தேன். ஃபேக்டரிகள் வந்த பிறகு கேன்டீனில் சேர்ந்தேன்.

பல வருஷம் கழித்து, அதே ஓட்டல்காரர்கள் ஒரகடத்தில் கட்டிய இந்த விடுதியைத் திறக்க, பெரிய பதவியில் நீயே வந்தாய். வேலை கேட்டு நின்ற வரிசையில் நானும் இருந்தேன். என்னைப் பார்த்ததும் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாய். முடி முன்பக்கம் நரைத்திருந்தது உனக்கு.

"அவங்க கேட்டாங்க சரோஜா. வாயில வந்துடுச்சு."

"யோசனைய எழுதுனப்ப மொதப் பக்கத்துல எம் பேரு ஏன்டி வரல?"

வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு, "ரூம் தொடைக்கிறவ யோசனைன்னு தெரிஞ்சிருந்தா அதப் படிச்சே பாத்திருக்க மாட்டாங்க. இந்தக் கட்டடமே வந்திருக்காது" என்றாய்.

நீ சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக மன்னிப்பு ஆகிவிடுமா அது? நீ மன்னிப்புக் கேட்கவும் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டு, "இவங்கள எடுத்துக்கோங்க" என்றாய். எனக்கு வேலை வேண்டியிருந்தது. நான் யோசித்த அறையை நானே துடைக்க, உன் சிபாரிசில் சேர்ந்தேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் நின்றேன். எல்லாம் முடிந்ததும் உன் மகள் என்னிடம் வந்தாள். அவளும் ஓட்டல் தொழில்தான் படித்திருக்கிறாளாம்.

"ஆன்ட்டி, நீங்க அம்மாவோட வேல செஞ்சீங்களாமே. ட்ரெய்னிங்ல அம்மா எப்பவும் ஒரு கத சொல்வாங்க. ஒரு கெஸ்ட் கெட்டில்ல சோறாக்கி அடிப்புடிக்க வச்சிட்டாராம். அம்மா யாருக்கும் சொல்லாம தானே தேய்ச்சு வச்சாங்களாம். அப்ப அவங்களுக்குக் கைகூட சுட்டுடுச்சாம்."

யோசனையை எடுத்தாய், படத்தை எடுத்தாய், சரி. என் விரல் வெந்ததைக்கூட விட்டுவைக்கவில்லையே நீ! அழுது சிவந்த அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்ல? "ஆமாம்மா, ஒருத்தி தேய்ச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் மேல் உள்ள கோபம் போகவில்லை. போகும் என்று எழுதி உன்னை ஏமாற்றவும் எனக்கு மனசில்லை. ஆனால் அதைவிட ஒரு கஷ்டம் இருக்கிறது. அந்த வருஷத்துக்குப் பிறகு எனக்குத் தோன்றிய எதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. நிறையத் தோன்றியது. சொல்லலாம் என்று வாயெடுத்தாலே பயம் வந்துவிடும். இன்னொன்றும் உண்டு: "இன்னொரு வாட்டி சொல்லு" என்று உன்னைப்போல் யாரும் கேட்டதும் இல்லை.

நீ இனி எதையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் ஒன்று சொல்கிறேன், கேள். இப்போது இங்கே தங்குகிறவர்களில் பாதிப்பேர் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து படுக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் நாம் கதவைத் தட்டுகிறோம், வாளியை உருட்டுகிறோம். அவர்கள் எழுந்திருக்கும்போது டிபன் முடிந்துபோயிருக்கிறது. ஒரு மாடியை முழுக்க அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டும். வெயில் நுழையாத கனத்த திரை. பகலில் அந்த மாடியில் ஒரு சத்தம் கூடாது. சாயங்காலம் நாலு மணிக்குச் சுடச்சுட இட்லி.

எப்படி இருக்கு, சொல்லுடி.