மீன்களின் மீசை

என் வீட்டு அதிகாரிக்கு, உன் கணவன் அன்போடும் கொஞ்சம் நடுக்கத்தோடும் எழுதுவது.

நான் நலம். சலூனும் நலம். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க மாமா, குழந்தைய கண்ணாடிப் பெட்டியில இருந்து வெளிய எடுத்துட்டாங்க" என்று போன வாரம் மாப்பிள்ளை போனில் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அந்த நேரம் ஒருவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் அழுததைப் பார்த்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நுரை கண்ணில் பட்டிருக்கவும் கூடும்.

இந்தக் கடிதத்தை வேண்டுமென்றேதான் பார்சலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். முதலில் இதைப் படி. பிறகு பேத்தியின் பஞ்சுப் போர்வையைப் பிரி. மகள் பக்கத்தில் இருக்கும்போது பிரித்தால் எனக்குப் பாதுகாப்பு.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று சேதி வந்ததும், தையல் மெஷினிலிருந்த போர்வையை அப்படியே உருவிக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாய். "அதைத் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாய். ஏன் என்று சொல்லவில்லை. மறுநாள் முழுதும் உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஆபரேஷன் என்று மட்டும் தெரியும். கடை திறக்க மனம் வரவில்லை. கட்டிலில் கிடந்த போர்வையில் நீ தைத்த மீன்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். ஒவ்வொன்றின் வாயோரத்திலும் விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கமும் தொங்கியது. மீனுக்கு எதற்கு மீசை என்று எனக்குத் தோன்றியது.

பயந்தவன் அழுவான், சாமி கும்பிடுவான். நான் கத்தரியை எடுத்தேன். இத்தனை வருஷம் மீசையும் கிருதாவும் ஒதுக்கிய கை, அன்றைக்குச் சும்மா இருக்க மாட்டேன் என்றது. சீப்பை வைத்துத் தூக்கி, ஒரு மீன் விடாமல் ஒட்ட வெட்டினேன். அடிப்பக்கமும் வெட்டினேன். வெட்டி முடித்துப் பிரஷ்ஷால் தட்டியும் விட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நீ வந்து மெச்சுவாய் என்றுகூட நினைத்தேன்.

பிறகு நீ பேசினாய். போர்வையை அனுப்பச் சொன்னாய். நூல் முனைகளை அங்கேயே உட்கார்ந்து முடிச்சுப் போட்டு உள்ளே விட்டுவிடுவதாகவும், வீட்டுக்குக் கூட்டிப்போகும் அன்றைக்குக் குழந்தையை அதில்தான் சுற்ற வேண்டும் என்றும் சொன்னாய். நான் சரி சரி என்றேன். போனை வைத்துவிட்டு, போர்வையை எடுத்து ஓர் உதறு உதறினேன். சிவப்பு மீனின் மூக்கு பிரிந்தது. லேசாக இழுத்துப் பார்த்தேன். வால் வரைக்கும் வந்துவிட்டது.

அப்படியே சுருட்டிக்கொண்டு உன் தங்கை வீட்டுக்கு ஓடினேன். அவளுக்கு முதலில் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன் அத்தான், அடுத்த மாசம் திரும்ப வளர்ந்துடும்னு நெனச்சீங்களா?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவிழ்ந்த நூல் குழந்தையோட கால் விரல்ல சுத்திக்கிட்டா என்னாகும் தெரியுமா?" என்று கேட்டாள். மெஷினில் முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கிவிட முடியாதா என்று கேட்டேன். அந்த இடம் கட்டியாக நிற்கும், பிஞ்சு உடம்பில் உறுத்தும், அதனால்தான் அக்கா கையால் கட்டுகிறாள் என்றாள்.

வெட்டிய நூல் திரும்ப வராது. ஆனால் தையலைக் கொஞ்சம் பின்னோக்கிப் பிரித்தால் கட்டுவதற்கு நூல் கிடைக்கும். மீன் மீனாகப் பிரித்தோம். மேல் நூலை அடிப்பக்கம் இழுத்து, அடி நூலோடு சேர்த்துத் துணியை ஒட்டி முடிச்சுப் போட்டு, இரண்டையும் ஊசியில் கோத்து, அதே ஓட்டை வழியாகப் பஞ்சுக்குள் விட்டு, ஒரு விரல் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். மிச்ச நூலை அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன். பிரித்த வாய்களை உன் தங்கை பழைய தையல் மேல் கொஞ்சம் ஏற்றி மறுபடி தைத்தாள். அந்த முனைகளுக்கும் முடிச்சு. முடிச்சுகள் அத்தனையும் நான் போட்டவை. சலூனில் உட்கார்ந்தும் போட்டேன். "என்னண்ணே, தையக்கடையும் ஆரம்பிச்சாச்சா?" என்று வருகிறவனெல்லாம் கேட்டான்.

சிவப்பு மீன் மட்டும் முழுக்க என் கைத்தையல். வாய் கோணல். உன் தங்கை பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றாள், நான் கொடுக்கவில்லை. பிறகு போர்வையை நன்றாகத் துவைத்துக் காயப்போட்டேன். முகத்தைச் சுத்தமாக மழித்துக்கொண்டு, ஒவ்வொரு மீன் மேலும் கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஓரிடத்திலும் உறுத்தவில்லை. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

வேலை நடக்கும்போது உன் தங்கை ஒன்று கேட்டாள். "அக்கா எப்பவும் ஒரு பூ முடிஞ்சா அதோட நூலைக் கட்டிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவா. இதுல மட்டும் ஏன் எல்லாத்தையும் தொங்க விட்டா?" நான் அடுத்த ஊசியில் நூல் கோத்தேன். எனக்குத் தெரியும். போன தடவை மகளின் பிரசவத்துக்கு நீ ஒரு நூல் பாக்கியில்லாமல் முடித்து மடித்து வைத்தாய், சுற்றுவதற்குக் குழந்தை வரவில்லை. இந்தத் தடவை குழந்தை கைக்கு வந்த பிறகுதான் முடிப்பது என்று வைத்திருந்தாய். என்னிடம் சொல்லியிருக்கலாம். நானும் அதே பயத்தோடுதான் உன் பக்கத்தில் படுத்திருந்தேன்.

இனிப் பயம் வேண்டாம். வந்துவிட்டாள். மகளை நன்றாகச் சாப்பிடச் சொல். மாப்பிள்ளையைத் தூங்கச் சொல். பேத்தி நூறு வருஷம் இருப்பாள். மீன் போர்வையைப் பத்திரம் என்று சொல்லி எடுத்து வைக்காதே. பால் சிந்தட்டும், நனையட்டும், தினமும் துவை, எதுவும் அவிழாது.

பார்சலின் அடியில் இன்னொரு போர்வையும் இருக்கிறது. போன தடவை நீ மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்ததுதான். அதையும் துவைத்து வெயிலில் போட்டு எடுத்தேன். கோபப்படாதே. மூத்த குழந்தையின் துணி இளையதுக்கு வருவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். உனக்கு எப்போது மனம் வருகிறதோ, அப்போது அதையும் இவளுக்கே போர்த்திவிடு.

இப்படிக்கு,
இரண்டு பேருக்குத் தாத்தா